வீலை மாற்றும் முன்: ஆர்கேட் கார் கேம்களில் ஸ்டீயரிங் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பழைய ஆர்கேட் கார் கேம்களை எமுலேட்டரில் (அந்த கேம்களைக் கணினியில் ஓட வைக்கும் மென்பொருளில்) ஓட்டும் நண்பர்கள், உறவினர்கள் எல்லோருக்கும் வீல், அதாவது கணினியில் சொருகும் ஸ்டீயரிங், பார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வீல் சரியில்லை, வேற எது வாங்கலாம்?" போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வீல் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு எண்களை மாற்றியதும் அதே வீலில் இரவு பன்னிரண்டு மணிவரை ஓட்டுவார்கள்.

அதனால் எந்த வீல் வாங்கலாம் என்பதற்கு என் பதில், முதலில் என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள் என்பதுதான். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்பது கடைசியில் வரும். விண்டோஸ் கணினியில் மேம் அல்லது சூப்பர்மாடல் என்ற எமுலேட்டரை ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உங்கள் வீலைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் வீலும் பெடலும் நகர்வதை நேரடியாகப் பார்க்கலாம். இங்கே எல்லாம் ஒழுங்காக நகர்ந்தால் கோளாறு எமுலேட்டர் பக்கம். இங்கேயே தகராறு என்றால் டிரைவர், கேபிள், அல்லது வீலுக்குள்ளே. இதைப் பார்க்காமல் எமுலேட்டர் செட்டிங்கைக் குடைந்துகொண்டிருப்பது வீண்.

இன்னொன்று, வீலின் உச்சியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். எவ்வளவு திருப்புகிறோம் என்று கை சொல்வது பொய். டேப் சொல்வதுதான் கணக்கு.

"வீலை முழுசாச் சுத்தினாலும் கார் திரும்ப மாட்டேங்குது"

எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான். அக்கா மகன் சேர்த்து வைத்த காசில் 900 டிகிரி வீல் ஒன்று வாங்கிவிட்டு மறுநாளே போன் செய்தான். "மாமா, அவுட்ரன்ல ரோடு ரெண்டா பிரியுற இடத்துல வீலைச் சுத்திக்கிட்டே இருக்கேன், கார் நேராப் போய் நடுவுல முட்டுது. பேசாம கேம்பேடே நல்லாருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். ஜாய்.சிபிஎல்லில் எந்தக் குறையும் இல்லை. டேப் ஒட்டி ஓட்டச் சொன்னேன். வளைவு வந்ததும் கை தன் வழக்கப்படி கால் சுற்று திருப்புகிறது, கார் அசையவில்லை. பதறிப்போய் முழுச் சுற்று திருப்புகிறான், அதற்குள் வளைவு முடிந்துவிடுகிறது.

காரணம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

முதலாவது சுழற்சி அளவு. சேகா, நாம்கோ கேபினெட்டுகளில் (கேம் சென்டரில் காசு போட்டு ஓட்டும் பெட்டிகளில்) ஸ்டீயரிங் பெரும்பாலும் முனைக்கு முனை 270 டிகிரி அளவில்தான் திரும்பும், அதாவது பக்கத்துக்கு 135. லாஜிடெக் ஜி29 போன்றவை 900 டிகிரி, பக்கத்துக்கு 450. த்ரஸ்ட்மாஸ்டர் டி150, டி300 இரண்டும் 1080. ஆர்கேட் கணக்கில் முழுசாக ஒடித்துவிட்டோம் என்று 135 டிகிரி திருப்பினால், 900 டிகிரி வீல் எமுலேட்டரிடம் 30 சதவீதம்தான் திரும்பியதாகச் சொல்லும்.

இரண்டாவது மேமின் டெட்ஸோன். வீல் நடுவை ஒட்டி இருக்கும்போது அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு இது. கேம்பேடின் குட்டி ஸ்டிக்குக்கு இது தேவை, வீலுக்குத் தேவையே இல்லை. பழைய மேம் பதிப்புகளில் இதன் இயல்பு மதிப்பு 0.3, பிந்தையவற்றில் 0.15. இப்போது கணக்குப் போடுங்கள்: 450-இல் 0.3 என்றால் 135 டிகிரி. ஆர்கேட் ஸ்டீயரிங்கின் முழு ஒடிப்பு அளவுக்குத் திருப்பியும் மேம் ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். அவன் பழைய பதிப்பு வைத்திருந்தான்.

சரிசெய்யும் வரிசை:

1. வீலின் சொந்த மென்பொருளில் சுழற்சி அளவை 270 ஆக்குங்கள். லாஜிடெக் என்றால் ஜி ஹப், த்ரஸ்ட்மாஸ்டர் என்றால் அதன் கன்ட்ரோல் பேனல். கேம் வாரியாகப் ப்ரொஃபைல் வைக்க முடிந்தால் எமுலேட்டருக்குத் தனியாக ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு டிரக் சிமுலேட்டர் ஓட்டிவிட்டு மறுபடி என்னைக் கூப்பிடுவீர்கள்.

2. மேம்.ஐஎன்ஐ என்ற மேமின் செட்டிங் கோப்பைத் திறந்து ஜாய்ஸ்டிக் டெட்ஸோன் வரியில் 0.0, ஜாய்ஸ்டிக் சாச்சுரேஷன் வரியில் 1.0 என்று போடுங்கள். சாச்சுரேஷனின் இயல்பு மதிப்பு 0.85. அதாவது வீல் 85 சதவீதம் போனதுமே முழு ஒடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். இது பெரிய தொந்தரவு இல்லை, ஆனால் 1.0 வைத்தால் கைக்கும் காருக்கும் கணக்கு ஒத்துப்போகும்.

3. கேம் ஓடும்போது கீபோர்டின் டேப் (Tab) விசையை அழுத்தி, அனலாக் பகுதியில் ஸ்டீயரிங்கின் சென்சிட்டிவிட்டி 100 இருக்கிறதா பாருங்கள். யாரோ எப்போதோ கீபோர்டுக்காக மாற்றி வைத்த எண் அங்கேயே கிடக்கும்.

இந்த மூன்றும் பத்து நிமிட வேலை. பையனின் வீலில் முதல் இரண்டைச் செய்ததுமே பிரிவுச் சாலையில் இடப்பக்கம் நுழைந்துவிட்டான்.

இத்தனைக்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால்தான் வேறு வீல் பேச்சு. ஆர்கேட் மட்டும்தான் ஓட்டுவேன், சிமுலேட்டர் பக்கமே போகமாட்டேன் என்பவருக்கு 270 டிகிரியிலேயே நிற்கும் வீல் போதும். ஹோரி ரேசிங் வீல் ஏபெக்ஸ் அந்த வகை. வீலை இழுக்கும் மோட்டார் உள்ளே இல்லை, இழுவை ரப்பரோ ஸ்பிரிங்கோ வீலை நடுவுக்குக் கொண்டுவரும். விலை குறைவு, கெட்டுப்போகப் பாகமும் குறைவு. கையில் அதிர்வும் எதிர்விசையும் வேண்டும் என்பவர் 900 டிகிரி வீலையே வாங்கி 270-க்குக் குறைத்துக்கொள்ளட்டும். மோட்டார் தண்டிலேயே நேராக மாட்டிய டைரக்ட் டிரைவ் வீலை ஆர்கேட் கேமுக்கென்று வாங்குவது, என்னைக் கேட்டால், காசு தண்டம்.

"வளைச்சுப் பிடிச்சா கார் சுத்திக்கிட்டே இருக்கு"

எந்த கேம் என்று பாருங்கள். 1982-இன் போல் பொசிஷன், 1986-இன் சூப்பர் ஸ்பிரிண்ட், 1981-இன் டர்போ ஆகியவற்றின் கேபினெட்டில் ஸ்டீயரிங்குக்கு முனையே கிடையாது. இஷ்டத்துக்கு எத்தனை சுற்றும் சுற்றலாம், நடுவுக்கும் திரும்பாது. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும்தான் கேம் எண்ணிக்கொண்டிருக்கும். நம் வீலோ இந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லும் ரகம். மேம் அந்த இடத்தைச் சுழலும் வேகம் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் வீலைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை அங்கே ஸ்டீயரிங் சுழன்றுகொண்டே இருக்கும்.

இதற்கு எந்த செட்டிங்கும் முழுத் தீர்வு தராது. மவுஸை ஸ்டீயரிங்காக ஒதுக்கிப் பாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும். பிடித்துப்போனால் ஸ்பின்னர் என்ற சுழல் குமிழ் ஒன்று வாங்கலாம். வீல் வாங்க வேண்டாம்.

270 டிகிரி கணக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும்: அட்டாரியின் 1989 ஹார்ட் டிரைவின். உட்கார்ந்து ஓட்டும் கேபினெட்டில் நிஜ கார்போலப் பல சுற்று திரும்பும் ஸ்டீயரிங், கிளட்ச், நான்கு கியர், சாவி எல்லாம் உண்டு. 900 டிகிரியும் மூன்று பெடலும் இங்கேதான் பிரயோஜனம்.

"கார் தானா ஒரு பக்கம் இழுக்குது"

முதலில் வீலைக் கழற்றி, கையை எடுத்துவிட்டு, மறுபடி சொருகுங்கள். மோட்டார் வீல்கள் மின்சாரம் வந்ததும் தாமாக இரண்டு முனைக்கும் சுழன்று நடுவைக் கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் கையோ முழங்காலோ பட்டால் நடு தப்பாகிவிடும்.

ஜாய்.சிபிஎல்லில் டேப் உச்சியில் இருக்கும்போது புள்ளி நடுவில் இருக்கிறதா? இல்லையென்றால் செட்டிங்ஸ் பக்கத்தில் ரீசெட் டு டிஃபால்ட் அழுத்துங்கள். அங்கே இருக்கும் காலிப்ரேட் (அளவெடுப்பு) பொத்தானைத் தொடாதீர்கள். தானாக நடு கண்டுபிடிக்கும் வீலுக்கு விண்டோஸ் காலிப்ரேஷன் உதவுவதைவிடக் கெடுப்பதுதான் அதிகம்.

விண்டோஸில் நடுவாகவும் கேமில் மட்டும் இழுப்பாகவும் இருந்தால், குற்றவாளி கேமே. ஆர்கேட் போர்டுகளுக்குத் தம் ஸ்டீயரிங்கை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, எமுலேட்டரும் அதை அப்படியே சேமிக்கிறது. குரூஸ்ன் யூஎஸ்ஏ, சான் ஃபிரான்சிஸ்கோ ரஷ் இரண்டிலும் இந்த அளவெடுப்பைச் செய்யாமல் ஓட்டவே கூடாது. மேமில் எஃப்2 அழுத்தி டெஸ்ட் மெனுவுக்குப் போய், காலிப்ரேஷன் பக்கத்தில் வீலை இரு முனைக்கும் நிதானமாகத் திருப்பி, பெடல்களை முழுசாக மிதித்து விடுங்கள். சூப்பர்மாடலில் டெஸ்ட் விசை இயல்பாக 6. சுழற்சி அளவை 270-க்கு மாற்றிய பிறகு இதைச் செய்ய மறந்தவர்கள்தான் திரும்ப வந்து நிற்கிறார்கள். வரிசை முக்கியம்: முதலில் வீல் மென்பொருள், அப்புறம் எமுலேட்டர், கடைசியில் கேமின் டெஸ்ட் மெனு.

மெனுவுக்குள்ளேயே போக முடியாதபடி குழம்பிவிட்டால், மேமின் என்விரேம் (nvram) என்ற, கேம்களின் நினைவைச் சேமிக்கும் அடைவில் அந்த கேமின் பெயரில் இருப்பதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் திறங்கள். கேம் பிறந்த அன்று இருந்த நிலைக்குப் போகும். ஹை ஸ்கோரும் போய்விடலாம், அழாதீர்கள்.

நடு ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, மறுபடி சொருகினால் சரியாகி மறுபடி நகர்கிறது என்றால் நிறுத்துங்கள். உள்ளே மோட்டார் தண்டில் இருந்து சுழற்சியை எண்ணும் என்கோடர் சக்கரம் விரிசல் விட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். பல் சக்கரம் வைத்த பழைய வீல்களில் இதைப் பார்த்திருக்கிறேன். செட்டிங்கால் சரியாகாது. வீலைத் திறந்து பழக்கம் இல்லையென்றால் இது எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர் வேலை.

பெடல் தகராறுகள்

இதில் நாலைந்து வகை இருக்கின்றன. வெளியே எல்லாம் "பெடல் வேலை செய்யல" என்றுதான் வரும், உள்ளே காரணம் வேறு வேறு.

*கேம் தொடங்கியதும் கார் தானாகப் பாதி ஆக்ஸிலேட்டரில் போகிறது.* எல்லா பெடலையும் ஒருமுறை முழுசாக மிதித்து விடுங்கள். முதல் அசைவு வரும்வரை பெடல் நடுவில் இருப்பதாகவே சில வீல்கள் சொல்லும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

*ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் சேர்த்து மிதித்தால் இரண்டும் செத்துவிடுகிறது.* பெடல்கள் ஒரே அச்சில் இணைக்கப்பட்டிருக்கின்றன, அதாவது இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் கணினி படிக்கிறது. வீல் மென்பொருளில் கம்பைன்டு பெடல்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். சேகா ராலி மாதிரி இரண்டு காலையும் ஒன்றாக வேலை வாங்கும் கேமில் இது இருந்தால் ஓட்டவே முடியாது.

*மிதித்தால் நிற்கிறது, விட்டால் பறக்கிறது.* அச்சு தலைகீழ். டேப் மெனுவின் அனலாக் பகுதியில் அந்தப் பெடலுக்கு ரிவர்ஸ் போடுங்கள். அல்லது ஒதுக்கும் இடத்திற்குப் போய் அதே பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் மேம் முழு அச்சு, பாதி அச்சு, தலைகீழ் என்று மாற்றிக்கொண்டே வரும். பெயரைப் பார்த்து சரியானதில் நிறுத்துங்கள்.

*கால் வைக்காமலே எண் துள்ளுகிறது, பிரேக் தானாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது.* இது அழுக்கு. ஜாய்.சிபிஎல்லில் பெடலை மிக மெதுவாக அழுத்தினால் கோடு ஓரிடத்தில் நடுங்கிக் குதிப்பது தெரியும். பெரும்பாலான விலை குறைந்த, நடுத்தர பெடல்களில் உள்ளே இருப்பது பழைய ரேடியோவில் வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்குமே, அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். ரேடியோவைத் திருகினால் கரகரக்கும், இங்கே கரகரப்பு காருக்கு.

இதை வீட்டிலேயே செய்யலாம். யுஎஸ்பியையும் அடாப்டரையும் கழற்றுங்கள். பெடல் பெட்டியைக் குப்புறப் போட்டு அடித்தட்டின் திருகுகளை எடுத்தால், ஒவ்வொரு பெடலின் தண்டிலும் ஒரு ரூபாய் நாணய அளவில் மூன்று வயர் பிடித்த உருண்டை தெரியும். வயர் நுழையும் இடத்திற்குப் பக்கத்திலுள்ள சின்ன இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு பீச்சு பீச்சி, பெடலை முப்பது நாற்பது முறை கையால் அழுத்தி விடுங்கள். போனமுறை நான் திறந்த பெட்டியில் கரித்தூளோடு நாய் முடியும் சுருண்டு கிடந்தது. உடைமை யாருடையது என்று சொல்ல மாட்டேன். கால் மணி நேரம் உலரவிட்டு மாட்டுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள துரு நீக்கும் ஸ்ப்ரேயை இதற்கு அடிக்காதீர்கள், இரண்டு வாரத்தில் இன்னும் மோசமாகும்.

ஒரு மாதத்தில் நடுக்கம் திரும்பி வந்தால் உள்ளே கரித் தடம் தேய்ந்துவிட்டது. புது பொட்டென்ஷியோமீட்டர் போட வேண்டும். பழையதை கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சென்னையில் என்றால் ரிட்சி தெருவில் அதே மதிப்பு, அதே தண்டு நீளம் பார்த்துத் தருவார்கள். சால்டரிங் தெரியாவிட்டால் அங்கேயே யாரிடமாவது வைக்கச் சொல்லுங்கள். இதற்காகப் புது பெடல் செட் வாங்காதீர்கள்.

*பிரேக் கல்லுபோல் இருக்கிறது.* ஜி29 போன்றவற்றில் பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது, கோளாறு இல்லை. காலைப் பழக்குங்கள், அல்லது கேமின் டெஸ்ட் மெனுவில் காலிப்ரேஷன் செய்யும்போது பாதி மிதியையே முழு மிதியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

"கையில எந்த விசையும் தெரியல"

சூப்பர்மாடலில் ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது மோட்டார் வீலை இழுத்துக் கையில் தரும் எதிர்விசை, இயல்பாக அணைந்திருக்கும். அதன் ஐஎன்ஐ கோப்பில் அந்த வரியை 1 ஆக்கி, இன்புட் சிஸ்டம் டைரக்ட்இன்புட் ஆக இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்இன்புட் என்றால் வெறும் அதிர்வுதான் கிடைக்கும். ஸ்கட் ரேஸ், டேடோனா யூஎஸ்ஏ 2 இரண்டும் இதில் அருமையாகப் பேசும்.

மேம் தானாக வீலை இழுக்காது. கேபினெட் மோட்டாருக்குப் போகும் கட்டளையை வெளியே அனுப்ப மட்டும் செய்யும். அதைப் பிடித்து வீலுக்குக் கொடுக்க எஃப்எஃப்பி ஆர்கேட் பிளகின் போல ஒன்று வேண்டும். அதை நிறுவப் பொறுமையில்லை என்றால் வீல் மென்பொருளில் வீலை நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் ஏற்றி வைத்து ஓட்டுங்கள், முக்கால் கிணறு தாண்டிய மாதிரி.

நேர் சாலையில் கையை விட்டால் வீல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிறதா? விசை அதிகம். பாதியாகக் குறைத்து, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

கியர் மாறவில்லை

அவுட்ரனில் லோ, ஹை என்று இரண்டே நிலை. ஒருமுறை அழுத்தினால் ஹை, மறுமுறை அழுத்தினால் லோ என்றுதான் மேம் இதை எடுத்துக்கொள்கிறது. எச் வடிவ கியர் கம்பை இதற்கு ஒதுக்கினால் கம்பு ஒரு பக்கமும் கேம் ஒரு பக்கமும் நிற்கும். வீலுக்குப் பின்னால் விரலால் இழுக்க இருக்கும் தகடுகளில் (பேடில்) ஒன்றை இதற்குக் கொடுத்துவிடுங்கள். டேடோனாவிலும் சேகா ராலியிலும் நான்கு கியருக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. அங்கே எச் கம்பு சுகமோ சுகம். ஜி29 வாங்கும்போது கம்பு கூட வராது, தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

"நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்கு எல்லாம் மாறிக் கிடக்கு"

கணினியில் வேறு கேம்பேடும் சொருகியிருந்தால் ஒன்றாம் எண், இரண்டாம் எண் இடம் மாறியிருக்கும். மற்றதைக் கழற்றிவிட்டு எமுலேட்டரைத் திறங்கள். அடிக்கடி நடந்தால் மேமின் கன்ட்ரோலர் கோப்பில் வீலின் பெயரை ஒன்றாம் எண்ணோடு கட்டிப்போடலாம். வீலின் மேல் பிளேஸ்டேஷன் வகை மாற்றும் பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப் பார்ப்பதில் தனி ஆனந்தம். யுஎஸ்பி ஹப் வழியாகச் சொருகியிருந்தால் நேராகக் கணினியில் சொருகுங்கள்.

கையை எடுத்துவிட வேண்டிய இடம்

கருகல் வாசம், அடாப்டர் கை வைக்க முடியாத சூடு, திருப்பும்போது கடகடவென்று பல் நழுவும் சத்தம், மின்சாரம் கொடுத்தும் வீல் முனைக்குச் சுழலாமல் முனகுவது. இதில் எது இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வல்லுநரிடம் கொடுங்கள். வாரன்டி இருந்தால் திருகைத் தொடாமல் விற்றவரிடமே போங்கள். கொடுக்கும்போது வெறுமனே "ஓடல" என்று சொல்லாமல், ஜாய்.சிபிஎல்லில் தெரிந்ததை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். அவர் தேடும் நேரமும் கூலியும் குறையும். மோட்டார் போர்டே போய்விட்டது என்று சொன்னால் கூலியையும், அதே வீல் பழையதாகக் கிடைக்கும் விலையையும் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வீல் வாங்கப் போனால்

மடிக்கணினியோடு போங்கள். சொருகியதும் அது இரு முனைக்கும் சுழன்று நடுவில் நிற்கிறதா, ஜாய்.சிபிஎல்லில் வேகமாகப் பத்து முறை திருப்பிய பிறகும் அதே நடுவுக்கு வருகிறதா, பெடலை மெதுவாக அழுத்தினால் கோடு துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அடாப்டர் தொலைந்துவிட்டது, வேறொன்று வாங்கிச் சொருகினால் ஓடிவிடும் என்று விற்பவர் சொன்னால், டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.